தச்சரின் சொல் அம்பலம் ஏறவில்லை



'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் பழமொழி. அவ்வாறு அம்பலம் ஏறாத ஒரு சொல்லையும், அதனால் மூழ்கிய ஒரு பாய்மரப் போர்க்கப்பலையும் பற்றி இன்று எழுத விழைகிறேன்.

1756ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வூலிச்சில் நீரில் இறக்கப்பட்ட 'ராயல் ஜார்ஜ்' 100 பீரங்கிகளைத் தாங்கியது. அந்நாளில் உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல் அதுவே. 1759 நவம்பரில், பிரான்சின் கிபெரோன் விரிகுடாவில், கடும்புயலுக்கிடையே பிரெஞ்சுக் கடற்படையை முறியடித்த தளபதி ஹாக்கின் தலைமைக் கப்பலாகவும் அது விளங்கியது. 26 ஆண்டுகளாகப் பகைவர் எவராலும் அதனை வீழ்த்த இயலவில்லை.

1782 ஆகஸ்டு 29. முற்றுகைக்கு உள்ளாகியிருந்த ஜிப்ரால்டருக்குத் துணைசெய்யப் புறப்படவிருந்த அக்கப்பல், போர்ட்ஸ்மத் துறைமுகத்திற்கு அருகே ஸ்பிட்ஹெட்டில் நங்கூரமிட்டிருந்தது. அதிலிருந்த தளபதி கெம்பன்ஃபெல்ட், 1758இல் நம் கடலூர், நாகப்பட்டினம் கடற்போர்களில் பங்கேற்றவர்.

வலப்பக்கத்தில் நீர்மட்டத்திற்குக் கீழிருந்த குழாய் ஒன்றைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அதற்காக அப்பக்கப் பீரங்கிகளை நடுவே நகர்த்திக் கப்பலை இடப்பக்கமாகச் சாய்த்தனர். தாழ்ந்த பக்கத்துப் பீரங்கிச் சாளரங்களோ திறந்தே கிடந்தன. அப்பக்கமாகவே ரம் பீப்பாய்களும் ஏற்றப்பட்டன.

நீர் உட்புகுவதைக் கண்ட கப்பல் தச்சர், கப்பலை உடனே நிமிர்த்துமாறு பொறுப்பதிகாரியை வேண்டினார். அதிகாரி செவிசாய்க்கவில்லை. தச்சர் மீண்டும் சென்று எச்சரித்தார், கடிந்துரையே கிடைத்தது. உயிர்தப்பிய மாலுமி ஒருவர் பிற்காலத்தில் இதனைப் பதிவுசெய்துள்ளார். நிமிர்த்தும் ஆணை பிறந்தபோது காலம் கடந்துவிட்டது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். கெம்பன்ஃபெல்ட்டும், மாலுமிகளைக் காண வந்திருந்த பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர்.

கப்பலின் மரச்சட்டம் உளுத்திருந்ததே காரணம் என்று கடற்படை நீதிமன்றம் தீர்ப்பளித்தது, எவரும் தண்டிக்கப்படவில்லை. மரம் உளுத்திருக்கலாம். ஆயினும், தச்சரின் முதற்சொல்லைக் கேட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருக்க வாய்ப்புண்டு அல்லவா?

வகுப்பில் ஒரு மாணவன் "புரியவில்லை, ஐயா" என்று இரண்டாம் முறை கூறும்போது நமக்குச் சினம் எழுவதுண்டு. பள்ளிக்குச் செல்ல மாட்டேன் என்று அழும் பிள்ளையை, காரணம் கேளாமலே வீட்டில் அதட்டுவதும் உண்டு. அத்தருணங்களில் அந்தத் தச்சரை நினைவிற்கொள்வோம். சொல்பவர் சிறியவர் என்பதால் சொல் சிறியதாகிவிடாது.