39 இலக்கத்தில் ஒரு பகா எண்

170141183460469231731687303715884105727

தட்டச்சில் கை வழுக்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. நாங்கள் பிரெஞ்சு வகுப்பில் இதை 'நோம்ப்ர் பிரமியே', அதாவது முதல் எண், என்று படித்தோம். பகா எண் என்ற தமிழ்ப் பெயர்தான் விஷயத்தைச் சொல்கிறது.

1644-ல் பாரிஸ் துறவி மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். எத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்பது அதன் விஷயம். கடைசி மூன்று 67, 127, 257. நிரூபணம் கொடுக்கவில்லை. சரிபார்ப்பது யார்? நொடிக்கு ஒரு எண்ணால் வகுத்துப் பார்த்தாலும், மேலே உள்ள எண்ணை முடிக்க நாற்பதாயிரம் கோடி வருஷம் ஆகும்.

1876-ல் எதுவார் லூக்கா என்ற லிசே ஆசிரியர் (ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு லூகாஸ்) வகுக்காமலே தீர்ப்புச் சொல்ல வழி கண்டார். சிறிய எண் ஒன்றில் நீங்களே செய்து பாருங்கள். ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. இப்போது 3-ல் தொடங்கி, அதன் வர்க்கத்தில் 2 கழியுங்கள். வந்ததை மறுபடி அப்படியே செய்யுங்கள். 127-ஐத் தாண்டினால் 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 3, 7, 47, 48, 16, 0. ஏழுக்கு ஒன்று குறைவான ஆறாவது இடத்தில் பூஜ்யம் வந்துவிட்டது. ஆகவே 127 பகா எண்.

நமது 39 இலக்க எண்ணுக்குப் பூஜ்யம் 126-வது இடத்தில் வர வேண்டும். அதுவரை ஒவ்வொரு படியிலும் அவ்வளவு பெரிய எண்ணை வர்க்கப்படுத்தி மீதி காண வேண்டும். கணக்கு இயந்திரம் கிடையாது. பக்கத்துக்கு 127 கட்டம் உள்ள சதுரங்கப் பலகை போன்ற ஒன்றில் காய்களை வைத்துக் கணக்கிடும் முறையையும் அவர் விவரித்திருக்கிறார். ஹனோய் கோபுரம் என்ற வட்டு விளையாட்டை 1883-ல் வெளியிட்டவரும் இவரே, ஆச்சரியமில்லை. பூஜ்யம் வந்தது. 127 விஷயத்தில் மெர்சென் சொன்னது சரி.

67 தவறு என்றும் லூக்கா சொன்னார். எதால் வகுபடும் என்று மட்டும் காட்டவில்லை. எந்தப் பக்கம் என்று சொல்லாமல் 'பேரேட்டில் பிழை' என்று எழுதிப்போகும் தணிக்கையாளரைப் போல! குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்தச் சங்கடம் தெரியும். பக்கத்தைக் காட்டியவர் அமெரிக்கர் கோல், 1903-ல்: 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். லூக்கா அதைப் பார்க்கவில்லை. 1891-ல் ஒரு விருந்தில் உடைந்த தட்டின் சில்லு கன்னத்தில் பட்டு, அந்தக் காயம் சீழ்பிடித்து, 49 வயதில் இறந்துபோனார்.

127-க்கு உரிய அவருடைய எண் 75 வருஷம், தெரிந்த பகா எண்களில் மிகப் பெரியதாக இருந்தது. 1951-ல் ஃபெரியே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் மேசைக் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு 44 இலக்க எண் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதே வருஷம் கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் 79 இலக்கத்துக்குப் போய்விட்டது.