தக்காளியைக் காப்பாற்றும் காட்டுச் சொந்தங்கள்... இலைச்சுருள் நோயைத் தாங்கும் விதை எப்படி உருவாகிறது?

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கலாம். சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்றது. விலையேற்றத்துக்கு மழை, வெயில் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. தமிழ்நாட்டுக்குத் தக்காளி அனுப்பும் கர்நாடகாவின் கோலார் பகுதியில் பரவிய இலைச்சுருள் நோயும் அதில் ஒன்று.

இந்த நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. கண்ணுக்கே சரியாகத் தெரியாத இந்தப் பூச்சி, நோயுற்ற செடியில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த செடியில் உட்காரும்போது வைரஸையும் சேர்த்து இறக்கிவிடுகிறது. இலை சுருண்டு, செடி குட்டையாகி, பூ கொட்டிவிடும். நட்ட சில வாரங்களிலேயே நோய் வந்துவிட்டால் அந்தச் செடியில் காய்ப்பை மறந்துவிட வேண்டியதுதான். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஈயைக் கொல்லத்தான் மருந்து அடிக்க முடியும். அதுவும் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும், செலவு ஏறிக்கொண்டே போகும்.

அப்படியென்றால் நோயைத் தானே தாங்கும் செடி வேண்டும். அதற்கான மரபணு நாம் சாப்பிடும் தக்காளியில் இல்லை. ஏன்?

ஒரே கைப்பிடி விதையிலிருந்து வந்த கூட்டம்

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதி. மெக்சிகோ போய், அங்கிருந்து ஐரோப்பா போய், பிறகு இந்தியா வந்தது. (நாம் ‘நாட்டுத் தக்காளி’ என்று கேட்டு வாங்குவதும் இப்படி வந்ததுதான்.) ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் விதைதான் கப்பலேறியது. பெரிய காய், நல்ல நிறம், ருசி என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் நோய் எதிர்ப்புக்கான மரபணுக்கள் பல வழியிலேயே விடுபட்டுப் போயின.

ஆனால் பெரு, சிலி, ஈக்வடாரில் தக்காளியின் காட்டுச் சொந்தங்கள் இன்னும் இருக்கின்றன. பத்துக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவற்றின் காய் கோலிக்குண்டு அளவு, பழுத்தாலும் பச்சை, வாயில் வைக்க முடியாது. சிலவற்றின் இலையைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புதான் விஷயமே. ‘சொலானம் ஹாப்ரோகைட்டிஸ்’ என்ற இனத்தின் இலையில் உள்ள நுண்ணிய முடிகள் சுரக்கும் பொருட்கள் பூச்சிகளை விரட்டும், சிலவற்றைக் கொல்லவும் செய்யும்.

இந்த விதைகளைத் தேடி மலை மலையாக அலைந்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் ரிக். கலாபகஸ் தீவுத் தக்காளி விதை என்ன செய்தும் சரியாக முளைக்காததால், அதை ராட்சத ஆமைக்குத் தின்னக் கொடுத்து, அதன் சாணத்திலிருந்து எடுத்து முளைக்க வைத்த மனிதர் இவர். டேவிஸ் நகரில் அவர் பெயரில் உள்ள மையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டுத் தக்காளி மாதிரிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

காட்டையும் தோட்டத்தையும் சேர்ப்பது எப்படி?

மகரந்தத்தை எடுத்து இன்னொரு செடியின் பூவில் தடவுவதுதான் அடிப்படை. கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் சில காட்டு இனங்களோடு சேர்த்தால் காய் பிடிக்கும், விதைக்குள் இருக்கும் கரு மட்டும் பாதியிலேயே செத்துவிடும். 1940-களில் ‘சொலானம் பெருவியானம்’ என்ற இனத்தோடு சேர்த்தபோது இதுதான் நடந்தது. சாகும் முன்பே கருவை வெளியே எடுத்து, சத்துக் கலவையில் வைத்து வளர்த்தார்கள். அப்படிப் பிழைத்த ஒரே ஒரு செடியின் வழிதான் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் தக்காளி ரகங்கள் வந்தன.

கலப்புச் செடி கிடைத்தாலும் வேலை முடியாது. நோய் எதிர்ப்போடு சின்னக் காய், கசப்பு எனக் காட்டுக் குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நல்ல தக்காளியோடு திரும்பத் திரும்பக் கலந்து, வேண்டாததைக் கழித்து, வேண்டிய மரபணுவை மட்டும் தங்க வைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக, வருடக்கணக்கில் நடக்கும் வேலை இது.

இந்தியாவில் என்ன நடந்தது?

ஹரியானாவின் ஹிசாரில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில், கல்லு என்ற விஞ்ஞானியும் குழுவினரும் ஹாப்ரோகைட்டிஸ் இனத்தைத் தக்காளியோடு சேர்த்து ‘எச்-24’ என்ற ரகத்தை உருவாக்கினார்கள். ‘ஹிசார் அன்மோல்’ என்பதும் இதுதான். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இதை ஆராய்ந்து, இலைச்சுருள் எதிர்ப்பு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. அந்த மரபணுவுக்கு ‘டிஒய்-2’ என்று பெயர். இன்று உலகம் முழுக்க விதைக்காரர்கள் பயன்படுத்தும் மரபணு இது. இந்தியாவின் பங்கு இவ்வளவு பெரியது என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அடுத்த கட்டத்துக்குப் போனது. அதன் ‘அர்கா ரக்ஷக்’ இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு ரகம். பிறகு வந்த ‘அர்கா அபேத்’ பின்பருவ இலைக்கருகலையும் சேர்த்துத் தாங்கும்.

இது மரபணு மாற்றுப் பயிரா?

இல்லை. பி.டி. கத்தரிக்காய்க்கு 2010-ல் மத்திய அரசு தடை போட்டதே, அந்த வகை அல்ல இது. சொந்தக்காரச் செடிகளுக்கு இடையே மகரந்தம் வழியாக நடக்கும் கலப்புதான்.

அப்போ பிரச்னை தீர்ந்ததா?

அங்கேதான் சிக்கல். டிஒய்-2 தென்னிந்தியாவில் உள்ள வைரஸ் வகையைத் தாங்குகிறது, வட இந்தியாவின் சில வகைகளிடம் தோற்றுப்போகிறது. அதனால்தான் ‘சொலானம் சிலென்ஸ்’ இனத்திலிருந்து வந்த டிஒய்-3 மரபணுவையும் ஒரே செடியில் சேர்க்கிறார்கள். அர்கா அபேத்தில் இரண்டும் உண்டு.

நூற்புழு எதிர்ப்பு மரபணுவுக்கு வேறொரு பலவீனம். மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது சரியாக வேலை செய்யாது. சிவகங்கை மாவட்டத்தின் நெற்குப்பை, காரைக்குடி பக்கமெல்லாம் கோடையில் காற்றின் வெப்பமே 38-ஐத் தாண்டும். அங்கே கோடை நடவுக்கு இந்த எதிர்ப்பை மட்டும் நம்பி இறங்க முடியாது. சூட்டிலும் வேலை செய்யும் மரபணுக்களை மற்ற காட்டுத் தக்காளிகளில் தேடுகிறார்கள்.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. தக்காளி மொசைக் வைரஸுக்கு எதிராக, பெருவியானம் இனத்திலிருந்து வந்த எதிர்ப்பு பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. 2014-ல் இஸ்ரேலில் தென்பட்ட புதிய வைரஸ் ஒன்று அதை உடைத்துவிட்டது. அதே 2014-ல் மகாராஷ்டிராவுக்குள் நுழைந்த தக்காளி ஊசிப்புழு, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதற்கும் விஞ்ஞானிகள் தேடிப் போவது அதே பிசுபிசுப்பு இலைகளைத்தான்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது

‘நோய் எதிர்ப்பு ரகம்’ என்று மட்டும் சொன்னால் நம்பிவிட வேண்டாம், எந்த நோய்க்கு என்று கேளுங்கள். இலைச்சுருளைத் தாங்கும் செடி ஊசிப்புழுவைத் தாங்காது. அர்கா ரக்ஷக் போன்றவை ஒட்டு ரகங்கள் என்பதால் காயிலிருந்து விதை எடுத்து வைத்து அடுத்த போகம் போட்டால் அதே குணம் வராது, ஒவ்வொரு முறையும் புது விதை வாங்க வேண்டும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்-1 போன்ற ரகத்தில் விதையைச் சேமித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு இலைச்சுருள் எதிர்ப்பு கிடையாது. எந்த ரகம் என்றாலும் நாற்றங்காலுக்கு நைலான் வலை கட்டுவது அவசியம். வெள்ளை ஈ முதலில் வந்து உட்காருவது அங்கேதான்.