மிதிவண்டியும் மூலநிரலும்

கட்டற்ற மென்பொருள் என்பது தன் மூலநிரலை, அதாவது மனிதர் எழுதிப் படிக்கும் வடிவிலுள்ள கட்டளைத் தொகுப்பை, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளாகும். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்த நாள் முதலாக, எவருக்கும் தடையில்லை என்பதே இவ்வியக்கத்தின் பெருமிதமாக இருந்துவந்துள்ளது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, தனியுரிமை மென்பொருள் துறையில் ஏறத்தாழ 28 விழுக்காடாக இருந்த பெண்களின் பங்கு கட்டற்ற மென்பொருள் சமூகங்களில் 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை எனக் கண்டது.

இவ்வகை மென்பொருளுள் ஒன்றான லினக்ஸ் கருநிரல் வெளிப்பட்ட அதே 1991-இல்தான், அதைப் போலவே ஊதியமற்ற தன்னார்வ உழைப்பை நம்பி, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் என்னும் முழு எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியது. வகுப்பைத் திறந்து வைத்துவிட்டால் பெண்கள் வந்துவிடுவார்கள் என்று அதன் அமைப்பாளர்கள் எண்ணவில்லை. வயல்வேலையும் வீட்டுவேலையும் முடித்த பெண் எப்போது வருவாள், பேருந்து இல்லாத பாதையில் தொண்டர் எப்படிப் போவார் என்பவற்றையும் கல்வியின் கேள்விகளாகவே அவர்கள் கொண்டனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டிப் பயிற்சியை எழுத்தறிவின் ஓர் அங்கமாக்கி, பெண்கள் மிதிவண்டி வாங்கக் கடனுக்கும் வழிசெய்தார். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்களுக்கான வண்டிகளே பயன்பட்டன. முன்னே உள்ள 'பார்' கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே சில பெண்கள் அவற்றை விரும்பியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார். கேலிப் பேச்சுகள் இல்லாமலில்லை. ஆனாலும் 1992 மகளிர் நாளில் 1,500 பெண்கள் கொடிகளுடன் புதுக்கோட்டை நகருக்குள் மிதிவண்டியில் வந்தனர்.

கட்டற்ற மென்பொருள் உலகமோ, அனைவரும் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டது. மேற்கூறிய ஆய்வின்படி, சொந்தக் கணினி பெண்களின் கைக்கு ஆண்களைவிடப் பிந்தியே கிடைத்தது. வேலைநேரத்துக்கு அப்பால் நிரலுக்கெனச் செலவிடும் ஓய்வு அவர்களுக்குக் குறைவாக இருந்தது. கடுஞ்சொல் விவாதங்களைத் தாங்குவதே திறமைக்கு அடையாளமாகவும் கருதப்பட்டது. இணையம் பிரவுசிங் சென்டர் வழியாகவே எட்டிய காலத்துச் சிற்றூர்களில், இருட்டியபின் அங்கே அமர்ந்திருப்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கு எளிதாக இருந்திருக்கும் என்பதையும் இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும். 2006-இல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின்கீழ் குனோம் என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு வந்த 181 விண்ணப்பங்களில் ஒன்றுகூடப் பெண்ணுடையதாக இல்லை. உடனே பெண்களுக்கென்றே உதவித்தொகையுடன் தனி அழைப்பு விடப்பட்டபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஆர்வம் இல்லை என்ற வாதம் அந்த ஒரே கோடையில் பொய்த்துப்போயிற்று. அழைப்பே அதுவரை இல்லாதிருந்தது.

தமிழ்நாட்டில் அரசும் கல்வி நிறுவனங்களும் இம்மென்பொருளுக்கு ஓரளவு இடமளித்தன. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, விண்டோசுடன் அரசுப் பள்ளி மாணவியர் கையிலும் சேர்ந்தது. கருவி வீடு வந்தது பெரிய மாற்றமே; அறிவொளியிலோ, கருவியோடு அதைப் பழக்கிவிடும் ஆளும் கூடவே வந்திருந்தார்.

அந்தப் பழக்கிவிடும் பணியை எழுத்தின் வழியே செய்ய முனைந்தது 2012-இல் தொடங்கிய கணியம் என்னும் தமிழ் மின்னிதழ். அதில் து. நித்யா எழுதி, படைப்பாக்கப் பொதும உரிமத்தில், அதாவது எவரும் பகிரத்தக்க உரிமத்தில், நூலாகவும் வெளிவந்த 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' அப்பெயருள்ள தரவுத்தள மென்பொருளைத் தமிழ்வழியில் கற்பிக்கிறது. இத்தகைய விளக்க நூல்களை எழுதுவது ஆவணமாக்கம் எனப்படும். நிரலின் வரிகளைக் கொண்டே பங்களிப்பு அளக்கப்பட்ட சமூகங்களில் அது நெடுங்காலம் இரண்டாந்தர உழைப்பாகவே மதிக்கப்பட்டது; நிரற்பொதிகளை உருவாக்காமல் பிற பணிகளைச் செய்வோரையும் முழு உறுப்பினராக ஏற்பதென டெபியன் திட்டம் வாக்கெடுத்து முடிவுசெய்ததே 2010-இல்தான்.