சிவப்பு விளக்கு எரிஞ்சா பேட்டரியைத் திட்டாதீங்க

காரு டேஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட சின்ன சிவப்பு விளக்கு ஒண்ணு இருக்குமே, அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. சாவியைத் திருப்பினா எரியும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சிடும். ஓடும்போது எரிஞ்சா நம்மாளுங்க நேரா பேட்டரிக் கடைக்குப் போயிடுவாங்க. ஆனா அந்த விளக்கு பேட்டரி நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்கவே பார்க்காது. ஏன்னு தெரியணும்னா கொஞ்சம் பழைய கதை பேசணும். அதுல நம்ம மதுரைக்கும் பங்கு உண்டு.

டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911ல் மதுரையில் தொழிலை ஆரம்பிச்சு, 1912ல் பஸ் ஓட்டத் தொடங்கினார். அந்தக்கால வண்டிகள் பலவற்றில் பேட்டரியே இருக்காது. முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். எஞ்சின் திருப்பி உதைச்சா கை எலும்பு போச்சு. தீப்பொறிக்கு மேக்னெட்டோ, வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கு அல்லது கார்பைடு விளக்கு.

அதே 1912ல் அமெரிக்காவில் காடிலாக் கார், சார்லஸ் கெட்டரிங் செய்த எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டரோட வந்தது. கை பிழைச்சது, ஆனா ஒரு சங்கிலி ஆரம்பிச்சது. ஸ்டார்ட்டருக்கு பேட்டரி வேணும். பேட்டரிக்கு சார்ஜ் ஏத்த டைனமோ வேணும். டைனமோவைச் சுத்த பெல்ட் வேணும். டைனமோ ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்க? முதல்ல ஆம்பியர் மீட்டர் வச்சாங்க. முள்ளைப் பார்த்துப் புரிஞ்சுக்கத் தெரியணும் இல்லையா? 1930களின் நடுவில் ஹட்சன் கம்பெனி முள்ளுக்குப் பதிலா விளக்கு வச்சது. அமெரிக்கர்கள் அதுக்கு வச்ச பட்டப்பெயர் 'முட்டாள் விளக்கு' :-)

உண்மையில் அது முட்டாள் வேலை இல்லைங்க. ரெண்டு கண்மாய், நடுவுல ஒரு வாய்க்கால்னு வச்சுக்குங்க. ரெண்டுலயும் ஒரே மட்டத்துக்குத் தண்ணி நின்னா வாய்க்கால்ல தண்ணி ஓடாது. ஒண்ணு வத்தினா ஓடும். விளக்கின் ஒரு முனை சாவி வழியா பேட்டரியில, மறுமுனை டைனமோவில. ரெண்டும் ஒரே வோல்டேஜ்ல இருந்தா விளக்கு வழியா கரண்ட் ஓடாது, அணைஞ்சே இருக்கும். டைனமோ படுத்தா கரண்ட் ஓடும், விளக்கு எரியும். அதாவது விளக்கு எரியறது 'சார்ஜ் வரலை' என்பதற்கு. பேட்டரி அங்கே பாதிக்கப்பட்டவர், குற்றவாளி இல்லை.

மதுரைக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ, வண்டிகளைக் கரிவாயுவில் ஓட்டும் கருவியை டி.வி.எஸ். தானே செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. அப்பத்தான் 1961ல் இங்கிலாந்தின் லூகாஸோடு கூட்டு சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ். சென்னை பாடியில் தொழிற்சாலை. ஸ்டார்ட்டர், டைனமோ எல்லாம் இங்கேயே உருவாச்சு. மதுரைக்காரர் கம்பெனி கைகோத்த அந்த லூகாஸை வெள்ளைக்காரங்களே 'இருட்டின் இளவரசன்'னு கிண்டல் பண்ணுவாங்க என்பது தனிக்கதை.

டைனமோவுக்கு ஒரு குறை உண்டு. எஞ்சின் ஐடிலில் நின்னா அதால போதுமான கரண்ட் தர முடியாது. பழைய அம்பாசடர் சிக்னல்ல நிக்கும்போது சிவப்பு விளக்கு மினுக் மினுக்குன்னு கண்ணடிச்சது அதனாலதான். சிலிக்கன் டயோடு மலிவானதும் ஆல்டர்னேட்டர் வந்தது. 1960ல் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் போட்டாங்க. 1983ல் வந்த நம்ம மாருதி 800லும் ஆல்டர்னேட்டர்தான்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்க வேண்டிய முதல் கரண்ட் அந்தக் குட்டி பல்பு வழியாத்தான் போகுது. பல்பு ஃபியூஸ் போனா சார்ஜே தொடங்காம போகலாம். அதனால சாவி போட்டதும் விளக்கு எரியலைன்னாலும் கவனிக்கணும்.

என் உறவுக்கார அண்ணன் ஒருத்தர் திருமங்கலம் ரோட்டுல விளக்கு எரிஞ்சு, புது பேட்டரி மாட்டினார். ரெண்டே நாள்ல அதுவும் படுத்துடுச்சு. கடைசியில ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரைப் பிரிச்சு, தேய்ஞ்சுபோன கார்பன் பிரஷ்ஷை எடுத்துக் காட்டினார். "பானையில தண்ணி இல்லேன்னா பானையவா மாத்துவீக? கெணத்தப் பாக்க வேணாமா தம்பி?" மாத்தினது விரல் நுனி அளவு கரித்துண்டு, அம்புட்டுதான். பேட்டரிக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதான்.

சரி, ஓடும்போது விளக்கு எரிஞ்சா என்ன செய்யணும்?

முதல்ல டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்க. பல வண்டிகளில் ஒரே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுத்தும். பெல்ட் அறுந்திருந்தா எஞ்சின் கொதிச்சிடும், உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க. பெல்ட் நல்லா இருந்தா ஏ.சி.யை அணைச்சுட்டு, எஞ்சினை நிறுத்தாம பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம். பேட்டரியில மிச்சம் இருக்கிறது வரைக்கும்தான் ஓடும், மேலூர் தாண்டி ராத்திரியில நின்னுடாதீங்க.

அடுத்து மல்டிமீட்டர். எஞ்சின் ஆஃபில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டணும். ஓடும்போது 13.8லிருந்து 14.5 வரை. ஏறவே இல்லைன்னா வயர் முனை, பிரஷ், ரெகுலேட்டர், டயோடு என்று வரிசையா பார்க்கணும். 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் மேல சந்தேகம். இப்போதைய புது வண்டிகள்ல கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அதுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

மதுரை வெயிலுக்கு பேட்டரி சீக்கிரம் சாகும் என்பதும் நிஜம்தான். அதுக்காக எல்லாப் பழியையும் அது தலையில போட வேண்டாம். பர்ஸை எடுக்கிறதுக்கு முன்னாடி மீட்டரை எடுக்கச் சொல்லுங்க. டைனமோ காயில் கட்டுறவங்க கதையை இன்னொரு நாள் எழுதறேன்.