மின்வலு அலைவும் அதனைத் தணிக்கும் வழியும்

மின்தடை என்றால் கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்று இருந்தே தீரும் என எண்ணி நாம் பழகிவிட்டோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு இருளில் மூழ்கியபோது பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கொன்றின் மீது பழி விழுந்தது. ஆனால், தொடக்கக் காரணத்தை விட, அதன் பின் எழும் ஆட்டமே வலையமைப்பைச் சிதறடித்துவிடும் சந்தர்ப்பங்களும் உலகில் உண்டு. மின்வலு அலைவு எனப்படுவது அதுவே.

ஒரே வலையமைப்பில் இணைந்த மின்பிறப்பாக்கிகள் யாவும் ஒத்த கதியில் சுழலவேண்டும். அவற்றைப் பிணைத்திருப்பது இரும்புத் தண்டன்று; கம்பிகளினூடாகச் செயற்படும் மின்காந்த விசையே. ஆதலால் அப்பிணைப்பு றப்பர் நாடாவைப் போல் நெகிழக்கூடியது. ஒருபுறத்து இயந்திரங்கள் சற்று முந்த, மறுபுறத்தவை பிந்த, இடையிலுள்ள நீண்ட கம்பிகளில் மின்வலு ஏறியும் இறங்கியும் ஊசலாடும். அது தானே ஓய்ந்துவிட்டால் கேடில்லை. சுமை மிகுந்த கம்பிகளில் ஓயாமல் வளர்வதே ஆபத்து.

வோல்ட்டளவை விரைந்து சீராக்கவெனப் பொருத்தப்பட்ட தன்னியக்கக் கருவிகளே இவ்வாட்டத்தை வளர்க்கக்கூடும் என்பது விந்தையே. டி மெல்லோ, கொன்கோர்டியா என்ற இரு பொறியியலாளர்கள் 1969 இல் இதனைத் தெளிவாக விளக்கினர். பரிகாரமும் அதே இடத்தில்தான் உள்ளது. இயந்திரத்தின் கதி மாறுவதை உணர்ந்து, அதன் காந்தப்புலத்தை ஊட்டும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் உறுதியாக்கி என்ற கருவி அது. ஊஞ்சலை நிறுத்த முனைபவர் அது வரும் திசைக்கு எதிராகக் கைகொடுக்கவேண்டும். தருணம் தவறினால் தள்ளிவிட்டவராகி விடுவார். உறுதியாக்கிக்கும் இது பொருந்தும். பொருத்தினால் மட்டும் போதாது, அந்தந்த இயந்திரத்திற்கேற்ப அதனைச் சரிசெய்தாகவும் வேண்டும்.

1996 ஓகஸ்ட் 10 ஆம் திகதி அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஒரிகன் மாநிலத்தில் வெப்பத்தாலும் சுமையாலும் தாழ்ந்த 500 கிலோவோல்ட் கம்பியொன்று மரத்தை நெருங்கித் துண்டிக்கப்பட்டது. சில நிமிடங்களில் மக்னரி நீர்மின் நிலையத்தின் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. கலிபோர்னியாவை நோக்கிய பாதையில் ஏறத்தாழ நான்கு செக்கனுக்கு ஒருமுறை வீசிய அலைவு வளர்ந்துகொண்டே சென்று, வலையமைப்பை நான்கு துண்டுகளாக்கியது. சுமார் 75 இலட்சம் மின்பாவனையாளர்கள் மின்சாரத்தை இழந்தனர்.

நம்மைத் திகைக்கவைப்பது அதன் பின் தெரியவந்த உண்மையாகும். திட்டமிடலுக்குப் பயன்பட்ட கணினி மாதிரியில் அதே நிகழ்வை மீட்டிப் பார்த்தபோது, அங்கே அலைவு அமைதியாக அடங்கிற்று! கணக்கின்படி பாதுகாப்பாக இருந்த வலையமைப்பே நிஜத்தில் உடைந்திருந்தது. இயந்திரங்களை நேரில் சோதித்து மாதிரிகளைத் திருத்தும் நடைமுறை அதன் பின்னரே அங்கு கட்டாயமாயிற்று. அளவீடின்றி வெறும் கணிப்பை நம்பும் எந்த மின்சார சபையும் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

தணிப்பு முயற்சிக்கும் விலை உண்டு. 2025 ஏப்ரல் 28 ஆம் திகதி நண்பகல் கடந்து ஸ்பெயினில் இருமுறை அலைவு தோன்றியது. கம்பிகளைக் கூடுதலாக இணைத்தும், பிரான்சுக்கான ஏற்றுமதியைக் குறைத்தும், நேரோட்ட இணைப்பின் செயற்பாட்டு முறையை மாற்றியும் அதனை அடக்கினர். அலைவு அடங்கியது. ஆனால், அதே நடவடிக்கைகள் வோல்ட்டளவை உயர்த்தின. அதனைத் தாழ்த்திப் பிடிக்கவேண்டிய நிலையங்கள் போதியளவு செயற்படவில்லை என அந்நாட்டு அரசின் அறிக்கை பின்னர் கூறியது. 12.33 மணிக்கு ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டன. ஸ்பெயினில் மின்விநியோகம் ஏறத்தாழ முழுமையாகத் திரும்ப மறுநாள் காலையாயிற்று.