சுவர்ப்பந்தாட்டத்தில் ஒரு குடிவழி

குடிப்பெருமை யாது என்னும் வினா நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. முன்னோர் பெற்ற பட்டங்களை அடுக்கிச் சொல்வோர் பலர். அவரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்த பழக்கம் யாது என ஆராய்வோர் சிலரே. அவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு சரித்திரம் சென்னையில் உளது.

ஜோஷ்னா சின்னப்பா 1986-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி சென்னையிற் பிறந்தவர், குடகுக் குடும்பத்தினர். 1949-இல் நம் தேசச் சேனைக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா அவர்கள் இவருக்குக் கொள்ளுப்பாட்டனார் முறையினர். எனினும் இவர் கைக்கு வந்த முதுசொம் வாளன்று, மட்டையே. பாட்டனார் ஸ்குவாஷ் ஆடியவர். தந்தையார் அஞ்சன் தமிழ்நாட்டின் சார்பில் ஆடியவர். மகளுக்கு முதலாசிரியரும் அவரே.

ஸ்குவாஷ் என்பது ஆங்கில நாட்டு ஹாரோ பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டிற் றோன்றிய சுவர்ப்பந்தாட்டம். 32 அடி நீளமும் 21 அடி அகலமும் உள்ள அறையில் இருவர் நின்று, சிறு ரப்பர்ப் பந்தை முன்சுவரில் மாறி மாறி அடிப்பர். டென்னிஸைப் போல இடையே வலையில்லை. எதிரி தோள் உராய நிற்பார். நெடுங்காலம் படைவீடுகளிலும் துரைமார் கிளப்புகளிலுமே வழங்கியமையின் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தார் இதனைக் கண்டிலர்.

நிற்க. ஜோஷ்னா 2000-இல், பதினான்கு வயதளவில், தேசியப் பட்டம் வென்றார். அல்வார் அரச குடும்பத்துப் புவனேசுவரி குமாரியார் 1977 முதல் 1992 வரை இடையறாது 16 முறை அப்பட்டம் பெற்றிருந்தனர். அவ்வெல்லையை 2019-இல் 17-ஆம் பட்டத்தால் ஜோஷ்னா கடந்தார். 2014-இல் கிளாஸ்கோ நகரத்துக் காமன்வெல்த் போட்டியில் தீபிகா பள்ளிக்கலுடன் இணைந்து இரட்டையர் ஆட்டத்திற் பெற்றதே ஸ்குவாஷில் இந்தியா அப்போட்டியிற் கண்ட முதற்பொன். தீபிகாவின் அன்னையாரும் இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 2017-இல் சென்னையில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியில் இத்தோழியர் இருவருமே எதிர்நின்றனர். ஐந்து ஆட்டம் நீண்டு ஜோஷ்னா வென்றார்.

பெண்கட்குப் பந்தாட்டம் மேனாட்டு வழக்கம் என்பாரும் நம்முள் உளர். பந்தும் கழங்கும் நம் பண்டை மகளிர்க்கு உரியனவே. பெருங்கதையில் மகளிர் பந்தடித்ததற்கென்றே ஒரு பகுதி உண்டு. யான் பள்ளியிற் காண்பதோ வேறு. பன்னிரண்டு வயது வரை ஓட்டத்தில் முதல்வராய் வரும் சிறுமியர், பூப்பெய்திய மறுதிங்களே ஆடுகளத்துக்கு வாராதொழிகின்றனர். கால் வலிமை குன்றியதன்று, தந்தைமார் வரவிடுகின்றிலர். "ஊரார் என் சொல்வர்?" என்பதே அவர் விடை. அவ்வூரார் யாவர்? இவ்விதழ் படிக்கும் நாமேயன்றோ!

ஜோஷ்னாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2025 டிசம்பரிற் சென்னையில் இந்திய அணி உலகக் கோப்பையை வென்றபொழுது அவருக்கு வயது 39. உடனாடிய அனாஹத் சிங் என்னும் பெண்ணுக்கு 17.