கிஃப்ட்: கொடை, நஞ்சு, பெண்

ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' என்றால் பரிசு. ஜெர்மனில் விஷம். ஸ்வீடிஷில் விஷம் என்றும் அர்த்தம், கல்யாணமானவர் என்றும் அர்த்தம். ஸ்வீடன்காரர்களே இதை வைத்துக் கேலி பேசிக்கொள்வதுண்டு. கேலியோடு விட்டுவிட எனக்கு மனசில்லை. யார் கொடுத்தார்கள், எதைக் கொடுத்தார்கள் என்கிற சமூக வரலாறு இந்தச் சின்னச் சொல்லுக்குள் படிந்து கிடக்கிறது.

வேர் ஒன்றுதான். ஆங்கில 'கிவ்', ஜெர்மன் 'கேபன்' இரண்டுக்கும் மூலமான, 'கொடு' என்று பொருள்படும் பழைய ஜெர்மானிய வினை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் பெண்ணுக்காக மாப்பிள்ளை தரும் விலையைக் குறித்தது. பன்மையில் சொன்னால் திருமணம். எதை வேண்டுமானாலும் கொடுப்பது என்கிற பொதுவான அர்த்தம் பிற்பாடு, இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழி வழியாக வந்து சேர்ந்தது. ஆக, பரிசு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு முன்னாடியே அங்கே பெண்ணின் விலை இருந்திருக்கிறது.

ஜெர்மனில் நடந்தது வேறு கதை. 'டோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் 'கொடுத்தல்' என்றுதான் பொருள். வைத்தியர்கள் அதை ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்குப் பயன்படுத்தினார்கள். லத்தீன் வழியாக வந்த இச்சொல்லின் செல்வாக்கில் ஜெர்மன் 'கிஃப்ட்'டும் மருத்துவப் பொருள் பெற்றது. விஷத்தை விஷமென்று சொல்லாமல் 'கொடுத்தது' என்று சொல்லும் இடக்கரடக்கலாகிக் கடைசியில் விஷமாகவே நிலைத்தது. பழைய அர்த்தம் முழுசாகச் செத்துவிடவில்லை. வரதட்சணைக்கு ஜெர்மனில் இன்றும் 'மிட்கிஃப்ட்', அதாவது கூடவே கொடுத்தனுப்புவது.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்சல் மாஸ் 1924இல் இந்தச் சொல்லைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார். பழைய ஜெர்மானியர்களிடையே கொடை என்பது பெரும்பாலும் பானம். நீட்டப்பட்ட கோப்பையில் இருப்பது மதுவா நஞ்சா என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்றார். மறுவருஷம் வெளியான அவரது புகழ்பெற்ற கொடை பற்றிய ஆய்வு, கொடை வாங்குகிறவனைக் கட்டிப்போடுகிறது, திருப்பித் தந்தே தீரவேண்டும் என்று வாதிட்டது. மருந்தாகவும் நஞ்சாகவும் நிற்கும் கிரேக்க 'ஃபார்மகோன்' பற்றி 1968இல் எழுதிய தெரிதாவும் மாஸின் இந்தக் குறிப்பைத் தொட்டுச் செல்கிறார்.

எனக்கு இங்கே ஒரு உறுத்தல். மாஸின் கோப்பைக் காட்சியில் கொடுப்பவன், வாங்குபவன் என இரண்டு பேர் இருக்கிறார்கள். கொடுக்கப்படுகிறவள் எங்கே? அவளை ஸ்வீடிஷ் சட்டமொழியில்தான் தேடவேண்டியிருக்கிறது. 1734ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் திருமணப் பகுதிக்குப் பெயரே 'கிஃப்ட்' என்பதிலிருந்து வந்தது. பெண்ணைக் கொடுக்கும் உரிமையுள்ள ஆணுக்கும் இதே வேரிலிருந்து ஒரு பட்டம் உண்டு. பெரும்பாலும் அவளது தகப்பன்தான். 21 வயதான பெண் அவன் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொள்ள 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனைவி மீது கணவனுக்கிருந்த சட்டப் பாதுகாவலை 1920ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதற்கும் 'கிஃப்ட்' வழிவந்த பழைய தலைப்புத்தான். 1987இல் நிறைவேறிய புதிய சட்டம்தான் அதைக் கைவிட்டது.

இதற்காக, கல்யாணமும் விஷமும் ஒன்று என்று மொழியே சொல்கிறது பார் என்று சிலர் கிளம்பிவிடுவது சரியல்ல. ஸ்வீடிஷில் விஷம் என்ற பொருள் ஜெர்மன் வழியாக வந்தது. இரண்டும் ஒரே உருவத்தில் சந்தித்துக்கொண்டது தற்செயல். ஆனால் 'கொடுக்கப்பட்டவள்' என்பது தற்செயலில்லை. அதற்குச் சட்டம் இருந்தது, சொத்து இருந்தது, கையெழுத்துப் போட ஒரு ஆண் இருந்தான். இன்று ஸ்வீடிஷில் ஆணும் தன்னை 'கிஃப்ட்' என்றே சொல்லிக்கொள்கிறான். அவனை யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. அவளைக் கொடுத்த வரலாறு அந்தச் சொல்லிலேயே காது கேட்காதபடி மழுங்கிப்போயிருக்கிறது. கொடை பற்றிய கோட்பாடுகளைப் படிக்கும்போது, கொடுக்கிற உரிமை இவனுக்கு எப்படி வந்தது என்பதை நாம் முதலில் கேட்டாக வேண்டும்.